மூன்றாவது ரவுண்டு மொட்டைமாடி

வீடியோ கேம் கடையின் பழைய ரோபோ விளையாட்டில், மூன்றாவது ரவுண்டு தொடங்கி ஒன்றரை நிமிடம் ஆனதும், கடிகாரம் பழுதுபார்ப்பவரை விட்டுப் பிரிந்துபோன மனைவியின் மொட்டைமாடி வரும். கைப்பிடியை அசைத்தால் இரும்பு ரோபோ மேல்நோக்கிப் பறக்கும்; அடியில் காடு, பாலம், கூரைகள் என்று தரை கீழ்நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் முதல்முறை விளையாடிய அன்று, ஏழாவது கூரையில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விரல்நக அளவு உருவம்தான். ஆனாலும் கொடியில் ஒரு கிளிப்பை மாட்டும்போது அடுத்த கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொள்வது அவள் பழக்கம்; அந்த உருவமும் அப்படியே செய்தது. பக்கத்துக் கடை முடிதிருத்துபவரும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், அவங்கதான், கொஞ்சம் இளைச்சிருக்காங்க என்றார்.

அவள் போய் அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பகலெல்லாம் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்த மனிதர் வீட்டிலும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவர் தினமும் நான்கு மணிக்குத் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மாடி திரையில் இருப்பது நான்கு நொடி. நிற்கவோ திரும்பவோ வழியில்லை. எதிரி ரோபோக்கள் அங்கேதான் கூட்டமாக இறங்கும். அவள் தலைக்கு மேல் சுட அவருக்கு மனம் வரவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அடி வாங்கிச் செத்தார். ஆறு வருடம் அப்படிச் செத்தார். கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட வாரம் மட்டும் போகவில்லை.

ஏழாவது வருடம் மனைவியின் தம்பி கடைக்கு வந்தான். நலம் விசாரித்தான், தண்ணீர் குடித்தான், சுவர்க் கடிகாரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நாலு மணிக்கு மாடிக்கு மேல பறக்குறப்ப கொஞ்சம் தள்ளிப் பறக்கணுமாம். நிழல் விழுந்து துணி காயமாட்டேங்குதாம்."

"நான்தான்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. சுடாம அடி வாங்குறது நீங்க ஒருத்தர்தானாம்."

"வேற ஏதாவது சொன்னாளா?"

தம்பி யோசித்துப் பார்த்தான். "இல்ல மாமா."

மறுநாள் அவர் ரோபோவைத் திரையின் வலது ஓரத்தை ஒட்டிக் கொண்டுபோனார். ஓரத்துக்கு எதிரிகள் வருவதில்லை என்பதால் முதல்முறையாக உயிரோடு நான்காவது ரவுண்டுக்குள் நுழைந்தார். அங்கே கூரை இல்லை, தரை இல்லை, வெறும் கடல். துணி இப்போது நேரத்துக்குக் காய்கிறது என்று அடுத்த மாதம் தகவல் வந்தது. அவர் இன்றும் ஓரமாகவே பறக்கிறார். நான்கு நொடி, பிறகு கடல்.