இருநூறு அடி தள்ளி

கம்பியின் ஒரு முனை வண்டிக்கு வெளியே டேரலின் கையில். மறுமுனை உள்ளே அவன் மனைவி ரோண்டாவின் கையில். நடுவே முன்கண்ணாடி. இருவரும் மாறி மாறி இழுத்தார்கள். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருந்த கறுப்புப் பசை ரப்பராக இறுகிக் கிடந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் அரை விரற்கடைதான் அறுந்தது. மெர்ல் என்பவரின் உடைசல் வண்டிக் கொல்லையில் மத்தியானத்திலிருந்து இதே வேலைதான். இது இரண்டாவது கண்ணாடி. முதலாவது, கம்பி மூலையில் திரும்பும்போது உடைந்துபோனது. கழற்றுகிறவர் கையில் உடைந்தாலும் காசு கொடுத்தாக வேண்டும், மெர்ல் கொல்லையில் அதுதான் வழக்கம்.

"இன்னும் நாலு உடைங்க, எனக்கு நல்ல யாபாரம்," என்றார் மெர்ல், எந்த வண்டியிலிருந்தோ பிடுங்கிப் போட்ட இருக்கையில் சாய்ந்தபடி.

போன வாரம் குவாரி ரோட்டில் ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. ரோண்டாவின் வண்டிக் கண்ணாடியில் முதலில் புள்ளிதான். குளிரில் அது நீண்டு நீண்டு மறுகோடிக்கே போய்விட்டது. சனிக்கிழமை வண்டிக்கு வருடச் சோதனை. அதில் தேறாத வண்டிக்குக் கம்பெனி வேலை தராது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுக்கும் வேலை அவளுக்கு. வண்டி அவளுடையது, பெட்ரோல் அவளுடையது, விரிசலும் அவளுடையதாகிவிட்டது.

"புதுசே போட்டுடலாம் ரோண்டா. அடுத்த சம்பளம் வரைக்கும் பொறு," என்றான் டேரல்.

"ரெண்டு வாரம் வீட்ல உக்காந்தா என் ஆளுங்கள வேற எவளுக்காவது குடுத்துடுவாங்க. அப்புறம் எங்கேருந்து வரும் சம்பளம்?"

"பழசு எங்கயாவது மோதினா தாங்காது. பேத்துக்கிட்டு மடியில வந்து விழும்."

"மோதுறதுக்கு முதல்ல வண்டி ஓடணும்ல. இழு."

மெர்ல் காதைச் சொறிந்தார். "லாரிக்காரன்கிட்ட காசு கேட்டியா தங்கச்சி?"

"கேட்டேன். பின்னாடி போர்டுல எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதான்னு கேட்டா போன்ல ஒருத்தி."

"குவாரியில உன் புருஷன் ரொப்பி அனுப்புற லாரிதானே? மேல ஒரு தார்ப்பாய் போடப்படாதா?"

டேரல் கம்பியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். "போட்டா நடைக்குப் பத்து நிமிஷம் வீணாம். வேணாம்னுட்டாரு சூப்பர்வைசர். விளிம்பு வரைக்கும்தான் ரொப்புவேன்னு ஒரு நாள் சொல்லிப் பாத்தேன். வெளிய நிறைய பேர் வேலை கேட்டு நிக்கிறாங்கன்னாரு."

ரோண்டாவுக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவன் கையில் கம்பி அறுத்த கோடுகளைப் பார்த்ததும் போய்விட்டது.

கண்ணாடி முழுசாகக் கழன்றது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோய், புதுப் பசை தடவிப் பொருத்தினார்கள்.

"பசை காயணும். நாளைக்கு ஒரு நாள் ஓட்டாம இருந்தா நல்லது," என்றான் டேரல்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கு நான் போகலைன்னா ஹோவர்ட் தாத்தா ஈரப் படுக்கையிலயே கிடப்பாரு."

"அப்ப ஜன்னல ஒரு விரல் திறந்து வை. கதவை அடிச்சுச் சாத்தாத. உள்ள அடைபடுற காத்தே கண்ணாடியத் தள்ளிடும்."

மறுநாள் டேரல் ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விட்டான். ரோண்டா கதவைத் தூங்கும் பிள்ளையின் அறைக்கதவைப் போலச் சாத்திக்கொண்டு கிளம்பினாள். திறந்த ஜன்னலில் குளிர் காதைக் கடித்தது. குவாரி வாசலைத் தாண்டப்போகும் நேரத்தில் ஒரு ஜல்லி லாரி வெளியே வந்து அவளுக்கு முன்னால் ரோட்டில் ஏறியது. அவள் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்தவன் ஹாரனை விடாமல் அடித்தான். வளைவு ரோடு, முந்த வழியில்லை. கைப்பேசியில் கம்பெனியின் செய்தி வந்தது: ஆறு நிமிடம் தாமதம்.

கொஞ்சம் வேகம் கூட்டினாள். ஒரு கீறல்கூட இல்லாத கண்ணாடியில் லாரியின் பின்பலகை எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. இருநூறு அடி தள்ளி வரவும். கண்ணாடி உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல.

பலகைக்கு மேலே, விளிம்பைத் தாண்டி ஜல்லி கூம்பாக நின்றது. காலையில் டேரல் ரொப்பியது. லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. உச்சியிலிருந்து ஒரு கல் உருண்டு விளிம்புக்கு வந்தது.