ஜெயபாண்டியின் அறை

திருப்பூரில் கன்டெய்னர் என்றால் பனியன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகிற இரும்புக் கூடுதான். நெருப்பெரிச்சல் பகுதியில் பிரதீப் வீட்டில் இருந்த கன்டெய்னர்களைக் கண்ணால் பார்க்க முடியாது. நிட்டிங் ஷெட்டின் மூலையில் இரவும் பகலும் ஓடிய பழைய கம்ப்யூட்டருக்குள், சுவர் வைத்துப் பிரித்த அறைகள் மாதிரி அவை இருந்தன. ஒன்றில் கம்பெனி மெயில், ஒன்றில் டிசைன் படங்கள். இன்னொன்றை நண்பன் ஜெயபாண்டிக்குக் கொடுத்திருந்தான்.

ஜெயபாண்டி தேனிப் பக்கத்துக்காரன். ஆசையாகக் கேமரா வாங்கியவன், பிரிண்ட் போடக் கஞ்சன். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அந்த அறைக்குள்தான். அதற்கு ஒரு பாஸ்வேர்டும் வைத்திருந்தான். மெஷின் ஓடும்வரை அறை திறந்தே கிடக்கும். அணைத்துப் போட்டால், பாஸ்வேர்டு சொன்னால்தான் திறக்கும். ஆடியில் பல்லடம் ரோட்டில் லாரி மோதி அவன் போனான். பாஸ்வேர்டும் அவனோடு போயிற்று.

அன்றிலிருந்து பிரதீப் அந்த மெஷினை அணையவிடவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் மேலேயே கண். ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டியிருந்தால் படங்களை வெளியே எடுத்திருக்கலாம். மனுஷனுக்கு அங்கேதான் மரியாதை குறுக்கே வந்தது. புருஷன் எடுத்த படத்தைப் பெண்டாட்டிக்கு முன்னால் நாம் பார்ப்பதாவது!

"நீங்க வாங்க அம்மிணி, உங்க கண்ணு முன்னாலயே எடுத்துத் தர்றனுங்க" என்று ஜெயபாண்டியின் மனைவி ரோஸ்மேரிக்குப் போன் செய்தான்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவளுக்கு ஏது லீவு? ஆயுத பூஜைக்குத்தான் ஊரில் மெஷின்கள் நிற்கும். "பூஜைக்கு மறுநா வாறேண்ணே" என்றாள்.

பூஜையன்று பிரதீப் பொரி வாங்கப் போயிருந்தான். அவன் அம்மா மயிலாள் ஷெட்டில் ஒவ்வொரு மெஷினாக நிறுத்தி, துடைத்து, சந்தனம் வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கம்ப்யூட்டர். பாவம், அதுவும் மெஷின்தானே, அதற்கும் ஓய்வு வேண்டாமா? அணைத்தாள். பொட்டு வைத்து, உள்ளே படம் வைத்துவிட்டுச் செத்துப்போன பையன் நினைவாக ஒரு முழம் மல்லிகையும் சுற்றினாள்.

வந்து பார்த்தவன் பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் மெஷினைப் போட்டான்; அறை பாஸ்வேர்டு கேட்டது. ஆனால் அணைக்கக் கூடாது என்று அவளிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லி வைத்ததில்லையே. யாரைக் கோபிப்பது?

மறுநாள் ரோஸ்மேரி மகளோடு வந்தாள்.

"மெஷின் அணைஞ்சு போச்சுங்க. என்ற தப்புதானுங்க" என்றான் பிரதீப்.

மகள் பெயரை அடித்துப் பார்த்தார்கள். ரோஸ்மேரி பெயர், ஊர்ப் பெயர், கோயில் பெயர். எதற்கும் திறக்கவில்லை.

"படமெல்லாம் உள்ளதான இருக்கு?"

"எல்லாமே இருக்குதுங்க. தெறக்கத்தான் முடியாதுங்க."

"வீட்டப் பூட்டுனாலும் ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் போவாக" என்றாள். அழுகை பொங்கி வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபோதுதான் கம்ப்யூட்டரில் வாடிக் கிடந்த மல்லிகையையும் சந்தனப் பொட்டையும் பார்த்தாள். பிரதீப் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மாகிட்ட சொல்லிராதீகண்ணே" என்றாள் மெதுவாக.

அதற்குள் மயிலாள் தட்டு நிறையப் பொரியோடு வந்து குழந்தையின் கையில் அள்ளிக் கொடுத்தாள். "மிஷின் நல்லா ஓடுதா கண்ணு?"

"நல்லா ஓடுதும்மா" என்றாள் ரோஸ்மேரி.