பத்து மணிப் பூவுக்குத் தண்ணீர் வேண்டாம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிணவறை வாசலில் கிடைத்தது. சுற்றி வளைப்பானேன், முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பூ என்று தலைப்பில் போட்டு உள்ளே இழுத்து ஏமாற்றிவிட்டான் என்று நாளைக்கு நீங்கள் சொல்லக் கூடாது. பூவும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் ஒரு சிமென்ட் பெஞ்ச். அதற்கு எதிரே ஒன்பது பழைய பெயின்ட் வாளிகள். ஒன்பதிலும் பத்து மணிப் பூ: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கண்ணைக் குத்துகிற ரோஸ் நிறம்.

அந்தப் பெஞ்சில் நான் ஒரு நாள் காலை பத்தே காலிலிருந்து ஒரு மணி வரைக்கும் இருந்தேன். நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன்.

(கடைசி வாக்கியத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இப்போதைக்கு இருக்கட்டும்.)

2

தொடக்கம் மட்டும் ஏழெட்டு எழுதிப் பார்த்தேன். மூன்றைக் காட்டுகிறேன்.

'பத்து மணிப் பூ ஒரு பருவத்துச் செடி. விதையைப் புதைக்க வேண்டாம், மண்மேல் தூவினால் போதும். உரம் வேண்டாம். நல்ல மண்கூட வேண்டாம். வெயில் இருந்தால் பத்து மணிக்கு விரியும், மத்தியானம் தாண்டினால் சுருண்டுகொள்ளும்.' இது விதைப் பாக்கெட்டின் பின்பக்கம். கதை இல்லை.

'மரணத்தின் வாசலில் மலர்ந்து சிரித்தன அந்த...' சீ. அடித்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.

'தையற்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்.' இது தேவலை. ஒரு ஆள் உட்கார்ந்துவிட்டால் எப்படியும் எழுந்தாக வேண்டும், கதை நடந்துவிடும்.

3

தையற்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். வயது ஐம்பத்து மூன்று. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து போட்டது போட்டபடி வந்திருந்தார். காலையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். விடியற்காலையில் லாரி மோதி ஒருவர் இறந்துவிட்டார், பர்ஸ் இல்லை, போன் நொறுங்கிவிட்டது. "வண்டி உங்க பேர்ல இருக்கு. ஓட்டினவரு உங்க தம்பியா இருக்கலாம். வந்து பார்த்துச் சொல்லிடுங்க."

அவ்வளவுதான் வேலை. உள்ளே போக வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் சொன்னால் இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சொல்லாவிட்டால் ராத்திரி முழுக்கப் பிணவறையின் இரும்புப் பெட்டிக்குள்.

வீட்டில் அம்மா இருந்தாள். எண்பது வயது. தம்பிக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். இவர் ஆமாம் என்று சொல்கிறவரைக்கும் அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

கதவைத் திறந்துகொண்டு பிணவறை ஊழியர் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். அவரைவிட மூத்த டாக்டர்களும் அவரைப் பத்துமணி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணா, உள்ள வர்றீங்களா?"

"இதோ வந்துடுறேன்மா. ஒரு அஞ்சு நிமிஷம்."

"ஒண்ணும் அவசரமில்லண்ணா." அக்கா சுவரோரத் தொட்டியில் ஒரு மக் தண்ணீர் மொண்டு நீட்டினார். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இந்தச் செடிங்களுக்குக் கொஞ்சம் ஊத்துங்களேன். காலையிலேர்ந்து பட்டினியாக் கெடக்குதுங்க."

தையற்காரர் மக்கை வாங்கிக்கொண்டார். முதல் வாளிக்கு ஊற்றினார். மண் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. இரண்டாவது வாளி. மூன்றாவது. தொட்டிக்கும் வாளிக்கும் நடுவில் ஆறு காலடி தூரம். போவதும் வருவதுமாக அவருடைய கைக்கு வேலை கிடைத்துவிட்டது. மக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

4

* இங்கே ஒரு அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் நடுவீட்டிலேயே வைக்கிறேன்.

சில மாதம் கழித்து ஏதோ சான்றிதழ் வாங்க மறுபடி அங்கே போனேன். அக்கா வாளிகளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அழுகிப்போன செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, வேறொரு தட்டிலிருந்து விரல் நீளத் தண்டுகளைக் கிள்ளிப் புது மண்ணில் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நர்ஸ், டீயோடு.

"ஏன்க்கா, இதுக்குத்தான் அவ்வளவு தண்ணி ஆகாதே," என்றாள் நர்ஸ். "வாரம் ஒரு தடவை காட்டினாலே போதும்னு எங்க வீட்டு விதைப் பாக்கெட்ல போட்டிருக்கு. நீங்க என்னடான்னா வர்றவங்க போறவங்க கையில எல்லாம் மக்கைத் தூக்கிக் குடுக்கிறீங்க."

"ஆமா. வாரத்துக்கு ரெண்டு வாளி அழுகிப்போகுது."

"அப்புறம் எதுக்கு இது? தண்ணி கேக்கிற செடியா வெச்சாத்தான் என்ன? கேக்கிறவங்க கேனையா இருந்தா..."

"போடி, வெக்காமலா இருந்தேன்? முதல்ல காசித்தும்பைதான் வெச்சேன். ஒரு வேளை ஊத்தலைன்னா தலையத் தொங்கப் போட்டுடும். ஒருத்தர் வந்தாரு, பொண்ணுக்காக. மக்கைக் குடுத்தேன். அவரு அதைக் கீழ வெச்சிட்டு அழுதுக்கிட்டே இருந்தாரு. எனக்கும் அன்னிக்கு வேலை, மறந்துட்டேன். மறுநாள் கையெழுத்துப் போட வந்தவரு செடியப் பார்த்துட்டு, 'நான் ஊத்தாததுனாலயாம்மா'ன்னு கேட்டாரு. அந்த மனுஷனுக்கு இது ஒரு பழி வேறயா? அன்னிக்கே எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டேன். ஊத்தாம விட்டாலும் சாகாத செடியாத் தேடித்தான் இதைப் பிடிச்சேன்."

"ஊத்தினாச் சாகுதே!"

"அது பத்து நாள் கழிச்சுத்தானே தெரியும். அதுக்குள்ள அவங்க வந்த வேலை முடிஞ்சிருக்கும்."

நர்ஸ் டீயைக் குடித்து முடித்தாள். அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எத்தனை முகத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்?

5

கதைக்குத் திரும்புவோம். தையற்காரர் மூன்றாவது வாளியில் நிற்கிறார். முடிவு வேண்டும்.

ஒரு முடிவு தானாகவே வந்து விழுந்தது. அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவருகிறார். உள்ளே மடித்த சட்டை. தையற்காரர் அதை விரிக்கவில்லை. விரலால் தோள்பட்டையைத் தடவிப் பார்க்கிறார். தம்பிக்கு இடது தோள் சற்று இறக்கம். அது தெரியாமலிருக்க உள்ளே ஒரு சின்னத் துணிப் பட்டி வைத்துத் தைப்பது அவர் வழக்கம். பட்டி விரலில் தட்டுப்படுகிறது. "ஆமாம்மா," என்கிறார். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் கையெழுத்துப் போடுகிறார்.

எழுதிவிட்டு என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். கச்சிதம். அப்புறம் டீ போட எழுந்தேன். பால் பொங்கி வழிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் உறைத்தது, இந்த ஆளை நான் ஏன் தையற்காரர் ஆக்கினேன் என்று.

முகத்தைப் பார்க்காமலே தப்பித்துக்கொள்ள அவனுக்கு ஒரு தொழில் தேவைப்பட்டது. கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தையல் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் பின் குத்திக்கொள்கிற ஆள் நான். நண்பருக்குத் துணையாகப் போனேன் என்று முதல் பகுதியில் எழுதினேன் அல்லவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். நண்பரும் இல்லை, நாடாவும் இல்லை. பெஞ்சில் இருந்தவன் நான். உள்ளே இருந்தது என் தம்பியா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

6

வேறு முடிவுகளும் கைவசம் இருந்தன.

அ) உள்ளே போகிறான். தம்பி இல்லை. யாரோ. வண்டியைத் தம்பி யாருக்கோ இரவல் கொடுத்திருக்கிறான். அண்ணன் வாசலுக்கு ஓடி வந்து வாய்விட்டுச் சிரிக்கிறான். இதை எழுதி அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம், அப்படியானால் உள்ளே கிடப்பவன் யாருடைய தம்பி? அவனுடைய அண்ணன் எங்கேயோ பஸ் ஏறிக்கொண்டிருப்பான். என் வீட்டுத் துக்கத்தைத் தூக்கி அடுத்த வீட்டு வாசலில் வைக்கிற வேலை இது. கிழித்துவிட்டேன்.

ஆ) உள்ளே போகவே இல்லை. ஊற்றிக்கொண்டே இருக்கிறான். எழுதுகிறவன் நினைத்தால் ஒரு மணி அடிக்காது, டாக்டர் கிளம்ப மாட்டார், பூ சுருளாது. இந்த முடிவோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்தினேன். தினமும் உட்கார்ந்து, இன்னும் ஒரு மக், இன்னும் ஒரு மக் என்று பக்கம் பக்கமாக...

அதை நிறுத்தியது என்ன தெரியுமா? விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி போன் செய்திருந்தான். "அண்ணா, வேலையா இருக்கியா?" என்றான். "எழுதிக்கிட்டு இருக்கேன்டா, அப்புறம் கூப்பிடுறேன்," என்றேன். கூப்பிடவில்லை. அன்றைக்கு என்ன எழுதினேன் என்று கேட்டால் சத்தியமாக ஞாபகம் இல்லை. மறுபடியும் அதையே செய்துகொண்டிருந்தேன்: அவன் காத்திருக்க, நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

7

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். இதில் கற்பனை இல்லை, அதனால் நடையும் நன்றாக இருக்காது.

நான் ஒன்பது வாளிகளுக்கும் ஊற்றினேன். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஊற்றினேன். தண்ணீர் வழிந்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது, செருப்பு நனைந்தது. பன்னிரண்டு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"தம்பி முழிச்சுக்கிட்டானா?"

"தூங்குறான்மா."

"எழுப்பாதே. நல்லாத் தூங்கட்டும்," என்றாள் அம்மா.

போனைப் பைக்குள் வைத்துவிட்டு இன்னும் வேகமாக ஊற்றினேன். நான் உள்ளே போகாத வரைக்கும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மாவுக்காவது தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பத்துமணி அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணா, டாக்டர் கிளம்பப் போறாரு."

"இந்த ஒரு வாளி மட்டும்மா."

"அதுக்கு ஊத்தியாச்சுண்ணா. எல்லாத்துக்கும் ஊத்திட்டீங்க. வாங்க."

போனேன். அக்கா துணியை விலக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அது அவருடைய வழக்கம். பார்க்கிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. என் தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று. எடுத்துவிட்டேன். அது அவனுடையது, கதையுடையது அல்ல.]

"ஆமாம்," என்றேன்.

8

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய துவாலை ஒன்று அவள் மடியில் இருந்தது. வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன். எண்பது வயது உடம்பு, இந்த ஒரு சொல்லில் போய்விடுவாள், ஒரே நாளில் இரண்டு பேரையும் நானே கொன்றவன் ஆவேன் என்று. பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். நீங்களும் யாரிடமோ சொல்லியிருப்பீர்கள், அல்லது யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியத்தையே இங்கே வைத்துக்கொள்ளுங்கள்:

[                                        ]

அம்மா உடனே அழவில்லை. மடித்த துவாலையைப் பிரித்தாள், திரும்ப மடித்தாள். அப்புறம் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஐயோ என் கண்ணே," என்றாள். "நீ தனியாவாடா போய்ப் பார்த்தே?"

மூன்று வருடம் ஆகிறது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்றால் அவளால் தாங்க முடியாது. இல்லை என்றால் யார் கூட இருந்தார்கள் என்று கேட்பாள். அவளும் விடுகிறவள் இல்லை. போன வாரம்கூட, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது அதையே கேட்டாள்.

நீங்கள் முதல் வரியிலிருந்து கூட வந்திருக்கிறீர்கள். நான் பொய் சொன்னபோதும் எழுந்து போகவில்லை. வாளிகளைத் தாண்டி, கதவைத் தாண்டி, அக்கா சுவர்ப் பக்கம் திரும்பியபோதும் நின்றீர்கள். அம்மா இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். போய்ச் சொல்லட்டுமா, தனியாக இல்லையம்மா என்று?