இரண்டு இஞ்சா, நாலு இஞ்சா

அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் போட்டு, வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தபோது தங்கையின் கைப்பேசி மறுபடியும் அடித்தது. இந்தமுறை எடுத்தாள்.

“எங்கம்மா போயிட்ட? வந்தவங்கல்லாம் உன்னக் கேக்குறாங்க,” என்றார் சித்தப்பா.

“மெக்கானிக் கடையில, சித்தப்பா. வண்டிக்கு அடியில.”

“டிராக்டருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அதுல ஏத்திட்டுப் போயிடலாம்,” என்றார்.

“அண்ணி வேற வண்டி வேணாம்னு சொல்லிட்டாங்களே.”

“அவ சொல்லுவா. அந்த வண்டிக்குச் சக்கரமே இல்லியேம்மா.”

“அதத்தான் பாத்துட்டிருக்கேன்.”

அண்ணன் முந்தின நாள் இறந்துபோயிருந்தார். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்கிற வேலை அவருக்கு. யாருக்கோ கீழ்வரிசைப் பல்லை ராவிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமீது தலையைச் சாய்த்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர், அசந்து தூங்குகிறார் போலிருக்கிறது என்று விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த மனிதர் அழுதார்.

அப்பாவும் அம்மாவும் மலைச்சரிவில் இருக்கும் மேட்டு இடுகாட்டில் இருக்கிறார்கள். அண்ணனையும் அங்கேதான் வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் விடாமல் பெய்த மழை பாதையை அரித்துத் தின்றிருந்தது. சவவண்டிக்காரர் காலையில் போய்ப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் ஏறிவிடும் என்றார். அப்படி ஒரு வண்டி அண்ணனிடமே இருந்தது. வயதான, பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி. அதுதான் இப்போது நான்கு இரும்பு முக்காலிகளின்மேல் கால் மடக்கிய மாடு மாதிரி கிடந்தது.

பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் ஒன்று உடைந்ததில் ஆரம்பித்த கதை அது. மாற்றுவதோடு மாற்றாக வண்டியைக் கொஞ்சம் உயர்த்திவிடலாமே என்று அண்ணனுக்கு ஓர் ஆசை. இரண்டு இஞ்ச் உயர்த்துவதா, நாலு இஞ்சா, அதற்கு எந்த டயர் என்று சாயங்காலம் தவறாமல் மெக்கானிக்கிடம் வந்து உட்கார்ந்து பேசுவார். பேசிப் பேசி, கடைசிவரை முடிவு மட்டும் சொல்லவில்லை. பழைய ஸ்பிரிங்குகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன.

“ரெண்டு செட்டும் இருக்கு, தங்கச்சி. எத மாட்டச் சொல்றீங்களோ மாட்டிடறேன்,” என்றார் மெக்கானிக். பெரிய உடம்புக்காரர். காலையிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. “என்னக் கேட்டா நாலு இஞ்சே போட்டுடலாம். அதுமேலதான் அவருக்குக் கண்ணு. போற நாள்லயாச்சும் ஆசப்பட்ட மாதிரி போகட்டும்.”

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மயிரிழை விலகினால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி என்பது அவளுடைய அன்றாடம். வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் தெரியாத ஒன்றைப் பார்த்தால் விடமாட்டாள். அழுதுகொண்டே வந்தவள், அடியில் தொங்கும் தண்டுகளையும் குழாய்களையும் கண்டதும் எதற்கு எது என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

“நாலு இஞ்ச் ஏத்தினா என்ன ஆகும்?”

“பெரிய டயர் போடலாம். கல்லு கில்லு அடியில தட்டாது. பாக்கவும் ஜம்முனு இருக்கும்.”

“அது நல்லது. கெட்டது?”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “நட்டுக்குத்தலா நிக்கிற ஆளுக்கும் உக்காந்திருக்கிற ஆளுக்கும் உள்ள வித்தியாசந்தான். பக்கவாட்டுல சரிவு வந்தா, ஒசந்த வண்டி சீக்கிரம் சாயும்.”

“இடுகாட்டுப் பாதையில அந்தக் கடைசி வளைவு ஒரு பக்கமாத்தானே சரிஞ்சிருக்கு?”

“ஆமா,” என்றார். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

“பின்னாடி எவ்வளவு கனம் இருந்தா இந்த ஸ்பிரிங் சரியா வேல செய்யும்?”

அவர் ஸ்பிரிங் கட்டின்மேல் கையை வைத்தபடி நின்றார்.

“ஏன்? தப்பாக் கேட்டுட்டனா?”

“இல்ல தங்கச்சி. இத்தன நாளா வந்தாரு. உலகத்துல இருக்கிற எல்லாக் கேள்வியும் கேட்டாரு. பின்னாடி என்ன ஏத்தப்போறோம்னு மட்டும் ஒரு நாளும் கேட்டதில்ல. அவரு மனசுல வண்டி எப்பவும் காலியாத்தான் போச்சு.” நாலு இஞ்ச் ஸ்பிரிங் கட்டை மெல்லக் காலால் தள்ளினார். “இது மூட்ட ஏத்துறதுக்கு அடிச்சது. ஒரு பெட்டியும் கூட நாலஞ்சு பேரும்னா கனம் பத்தாது, துள்ளும். அவர... குலுக்கிட்டே போகும்.”

“அப்ப ரெண்டு இஞ்ச்,” என்றாள். “தொட்டி ஒசந்துபோனா சித்தப்பாவால பெட்டியத் தூக்கி வைக்கவும் முடியாது. தோள்ல வலி அவருக்கு.”

டயரில்தான் சண்டை வந்தது. பருத்து அகன்ற ஒரு ஜோடியை அவர் உருட்டி வந்தார். அவள் அதை விட்டுவிட்டு, சுவரோரம் சாத்தியிருந்த ஒடுக்கமான டயரிடம் போனாள். அதன்மேல் புடைத்திருந்த ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவில் விரல் முழுசாக நுழைந்தது.

“இவ்வளவு எடவெளி எதுக்கு?”

“உள்ள போற சேறு சுத்தும்போது வெளிய தெறிக்கணும்ல. எடவெளி இல்லன்னா அப்பிக்கிட்டு டயர் மொழுமொழுன்னு ஆயிடும். ஆனா இது ரோட்டுல ஊளையிடும், தங்கச்சி. எழவுக்குப் போற வண்டி அப்படிச் சத்தம் போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கு?”

“யாராச்சும் சத்தம் போட்டா நல்லதுதான். வீட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க.”

அவர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். அவள் விளக்கைப் பிடித்தாள். குலுக்கலைத் தாங்கும் ஷாக்கின் மேல்முனை எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டாள். அவர் சொன்னார். அதற்கு ஏன் ரப்பர் என்று கேட்டாள். அதையும் சொன்னார்.

பின்மதியம் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது சித்தப்பா அதைச் சுற்றி வந்தார். டிராக்டர்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றார். பெட்டியை ஏற்றினார்கள். சித்தப்பாவின் தோள் உயரத்துக்குள்தான் இருந்தது தொட்டி. மெக்கானிக் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“நான் ஓட்டுறேன்,” என்றாள் அண்ணி.

வேறு வண்டி வேண்டாம் என்று சொன்னதற்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெக்கானிக் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிப் பெட்டியோரம் உட்கார்ந்தார். தங்கை முன்னால் ஏறிக்கொண்டாள்.

தார்ச்சாலையில் டயர்கள் ஊளையிட்டன. மண்பாதை தொடங்குமிடத்தில் அண்ணி வண்டியை நிறுத்தி, “எறங்கி முன்சக்கரத்து நடுவுல இருக்கிற குமிழத் திருப்பிட்டு வா. ரெண்டு பக்கமும். அப்பத்தான் முன்சக்கரமும் இழுக்கும்,” என்றாள். தங்கை திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சின்னக் கியரை இழுத்துப் போட்டாள். கை தயங்கவே இல்லை.

“உங்களுக்கு இதெல்லாம் எப்படி அண்ணி தெரியும்?”

“உங்க அண்ணனுக்கு மேடுன்னா பயம். உனக்குத் தெரியாதா?”

தங்கைக்குத் தெரியாது. கூடப் பிறந்தவளுக்கே தெரியாது.

“ஏத்தம் வந்தா நிறுத்திட்டு எறங்கி, என்ன ஓட்டச் சொல்லிட்டு, நீ இருக்கிற பக்கம் வந்து உக்காந்துப்பாரு. கண்ண மூடிப்பாரு. மேல போனதும் மொதல்ல எறங்கி நின்னு, வண்டி என்னமா ஏறுச்சு பாத்தியான்னு என்கிட்டயே கேப்பாரு.” சறுக்கிய சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தாள். “நாலு இஞ்ச் ஒசத்திட்டா அந்த ஒசரத்துல உக்காரணுமே. எப்படி முடிவு சொல்லுவாரு?”

தங்கைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்தாள். திரும்பிப் பார்த்தால் அண்ணியின் வாயும் கோணிக்கொண்டிருந்தது.

கடைசி வளைவில் பாதை ஒரு பக்கமாக அமிழ்ந்திருந்தது. வண்டி சாய்ந்தது. பின்னால் மெக்கானிக் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிப்பது கண்ணாடியில் தெரிந்தது. செஞ்சேறு சக்கரங்களிலிருந்து கட்டிகட்டியாகத் தெறித்துக் கதவில் அறைந்தது. ஒரு கணம் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. அண்ணி மிதியைக் கொஞ்சம் தளர்த்தினாள். டயர் எதையோ பற்றிக்கொண்டது. பிறகு, அவசரமில்லாமல், ஒரு துள்ளலும் இல்லாமல், மேலே ஏறிவிட்டது.

இடுகாட்டில் எல்லாம் முடிய அதிக நேரம் ஆகவில்லை. நடந்து வந்தவர்கள் மண் தள்ளிவிட்டு, கை கழுவ இடம் தேடினார்கள். சித்தப்பா குனிந்து வண்டியின் அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் அவருக்கு விரலை நீட்டி ஏதோ விளக்கினார்.

மழை விட்டிருந்தது. வண்டி ஏறி வந்த இரண்டு தடங்களும் ஈரமண்ணில் கட்டை கட்டையாக, ஓரம் உடையாமல் பதிந்திருந்தன. அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். முதல் தடத்தின் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு காலை எட்டி வைத்து, அது கலையாமல், தாண்டி வந்தாள்.