பலகை வந்ததும்

கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அவள் கண் வாளியில் இல்லை, மண் கொட்டுகிற பக்கம் தரையில் ஓடிய விரிசலில்தான் இருந்தது. காலையில் நகம் நுழைகிற அளவு. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டைவிரலே தாராளமாகப் போனது.

புதுக் கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டிக்கான குழி அது. இரண்டு ஆள் ஆழம். இடம் குறுகல், இயந்திரம் உள்ளே வர வழியில்லை. அவள் புருஷன்தான் அடியில் தனியாக நின்று வெட்டி வாளியில் நிரப்பினான். வெட்டிய மண்ணைத் தள்ளிக் கொட்டவும் இடமில்லை. ஓரத்திலேயே கொட்டிக் கொட்டி, மழையில் நனைந்த குவியல் அவள் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. ஜல்லி லாரி பின்பக்கமாக வரும்போது தரை அதிர்ந்து, கட்டி கட்டியாகக் குழிக்குள் உருண்டது.

"ஏங்க, மேல வாங்க. இங்க மண்ணு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது."

"பல்லியப் பார்த்தாலே ஊரக் கூட்டுறவதானே நீ!" கீழேயிருந்து சிரிப்புதான் வந்தது. "வாளிய விடு."

வாளியை விட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணே, குழி ஓரம் வெடிச்சிருக்கு. பலகை வச்சு முட்டுக் குடுக்காம ஆள இறக்கினா எப்படி?"

"பலகையெல்லாம் மேல் தளத்துக்குப் போயிடுச்சும்மா. நேத்துதான் கான்கிரீட் போட்டிருக்கு, இப்ப உருவ முடியுமா? பலகை வந்ததும் குடுத்துக்கலாம்."

"அதுக்குள்ள சரிஞ்சிடுச்சுன்னா?"

"வாயக் கழுவு. அதான் தலையில தொப்பி போட்டிருக்கான்ல?"

மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி. அத்தனை மண்ணும் இறங்கினால் அது என்ன கிழிக்கும் என்று கேட்க நினைத்தாள்.

திரும்பி வந்தபோது தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள். பூசணிக்காய் அளவு கட்டி ஒன்று அவன் காலடியில் கிடந்தது. அவன் அதை மண்வெட்டியால் உடைத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். இந்த முறை கிண்டல் எதுவும் வரவில்லை.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து சரிந்தாள். "ஐயோ!" என்று கத்தினாள். நடிக்க அவளுக்குத் தெரியாதுதான். கை கால் ஏற்கெனவே வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்ததால் நடிப்பு தேவைப்படவில்லை.

அவன் ஏணியில் தடதடவென்று ஏறி வந்தான். "என்னடி, என்ன ஆச்சு?"

அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல. அதப் பாருங்க."

திட்ட வாயெடுத்தவன் பார்த்தான். போய்க் குனிந்து விரிசலுக்குள் விரலை விட்டான். மணிக்கட்டுவரை கை உள்ளே போயிற்று. எழுந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "என்ன, குடும்பத்தோட உக்காந்தாச்சா?"

"அண்ணே, பலகை வந்ததும் இறங்குறேன். அதுவரைக்கும் செங்கல் தூக்குறேன், கம்பி சுமக்குறேன். எது சொன்னாலும் செய்யுறேன்."

"இறங்கலேன்னா வெளிய போ. கேட்டுல எத்தனை பேர் நிக்கிறான்னு பாரு." மேஸ்திரி அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கேட்டைப் பார்த்துக் கைதட்டினார். "நீ கயிறப் பிடிம்மா. உனக்குமா வேலை வேண்டாம்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டை நோக்கி நடந்தான். அங்கே நின்றிருந்தவர்களில் ஒருவர் அவனுக்கு எதிரே அவசர அவசரமாக வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஒட்டிய கன்னம். மேஸ்திரி தொப்பியை அவர் தலையில் வைத்தார். அது புருவம்வரை இறங்கிக்கொண்டது.

மேஸ்திரி அந்தப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்து, "ஐயா, இறங்காதீங்க," என்றாள். "ஓரமெல்லாம் விரிஞ்சிருக்கு. அதுக்குத்தான் நான் அவர மேல வர வச்சேன்."

"தெரியும்மா. அங்க நின்னாலும் கண்ணு இங்கதானே இருந்துச்சு." சட்டையைக் கழற்றி மடித்து அவள் பக்கத்தில் வைத்தார். அதன் மேல் போனை வைத்தார். "பொண்ணு கூப்பிடும். வேலை கெடைச்சிடுச்சான்னு கேக்கும். ஆமான்னு மட்டும் சொல்லிடு. வேற ஒண்ணும் சொல்லாதே."

ஏணியில் இறங்கும்போது அவளைப் பார்த்துச் சிரித்தார். "உன் புண்ணியத்துல இன்னிக்கு வேலை கெடைச்சுதும்மா."

மஞ்சள் தொப்பி தரை மட்டத்துக்குக் கீழே போனது. முதல் வெட்டு விழுந்தது. விரிசலோரம் பொடி மண் சரசரவென்று உள்ளே வடிந்தது.

போன் அடித்தது. எடுத்தாள்.

"அப்பா?"

"அப்பா வேலையில இருக்காரும்மா."

"அம்மா! அப்பாவுக்கு வேலை கெடைச்சிடுச்சாம்மா!" அந்தப் பக்கம் வீட்டிலிருந்த தன் அம்மாவிடம் கத்திக்கொண்டு குதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே அந்தக் குரல் கேட்டது: "அத்தை, நாளைக்கும் அப்பாவுக்கு வேலை இருக்குமா?"

கீழே வாளி நிரம்பிவிட்டது. இழுக்கச் சொல்லி அவர் கயிற்றை ஆட்டினார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் இழுத்தாள்.