முள் மூட்டையின் எடை

ஆய்விதழிலிருந்து என் கட்டுரையின் அச்சுப்படி வந்து சேர்ந்தது 1993 ஏப்ரல் 16 அன்று. திருத்தி அனுப்பப் பதினைந்து நாள் கெடு. கூடவே ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தார்: பூவோடு கூடிய செடியின் படம் ஒன்று வேண்டும்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளன். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். பாடம் நடத்தியது போக, சப்பாத்திக்கள்ளிகளை வகை பிரிப்பதுதான் இத்தனை வருடமும் என் வேலை. கள்ளியை மற்றச் செடிகளைப்போல் காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைக்க முடியாது. சாகாது. மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் செய்தித்தாளுக்குள்ளேயே முளை விட்டிருக்கும். கீறி, சதையை வழித்து, உப்புத் தடவிக் கொல்ல வேண்டும். அதற்குள் கைகளில் சுணை ஏறிவிடும்.

"மத்த வாத்தியாருங்க சட்டையில சாக்பீஸ் பொடி இருக்கும். நம்ம வீட்டு சட்டையில முள்ளு" என்று என் மனைவி ருக்மணி ஒவ்வொரு வாரமும் சொல்வாள். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

1975-இல் அஞ்செட்டியில் ஒரு பாறையடியில் அந்தப் புதரைக் கண்டேன். மடல்கள் வழக்கத்தைவிட நீளம். ஒவ்வொரு கணுவிலும் ஒரே ஒரு வெள்ளை முள். காலையில் ஆரஞ்சாக விரிந்து மாலையில் சிவக்கும் பூ. ஆனால் ஒற்றைப் புதரை வைத்துப் புது வகை என்று சொல்ல முடியாது. தற்செயலாக மாறிப் பிறந்த ஒன்றாக இருக்கலாம். பல இடங்களில், ஒன்றுக்கொன்று மாறாமல் கிடைத்தாக வேண்டும்.

பன்னிரண்டு வருடம் கிடைக்கவில்லை. 1987-இலிருந்து ஒவ்வொன்றாகக் கிடைத்தது: தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை. நான்கும் ஒரே சாலையில் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஒரே மாதிரிப் பாறை நிலம் என்று காரணம் எழுதினேன். ஐந்தாவதாகக் கல்லாவி. அது அந்தச் சாலைக்கே சம்பந்தமில்லாமல் கிழக்கே வெகுதூரம். கல்லாவி கிடைத்த பிறகுதான் துணிந்து கட்டுரையை எழுதினேன். செடியின் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரின் பெயரையும் போடுவது எங்கள் துறையில் வழக்கம். இராஜப்பன் என்கிற என் பெயர் எனக்குப் பின்னும் நிற்கப்போவது அந்த ஓர் இடத்தில்தான்.

ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை, படம் எடுக்க உத்தனப்பள்ளி போனேன். அங்கே அந்தச் செடி நின்றது ஜோதியம்மாள் என்பவரின் வீட்டு வேலியில்; முன்பு மாதிரி எடுக்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. இப்போது வேலியில் பாதி இல்லை. அந்த அம்மாளே கொடுவாளால் வெட்டிக்கொண்டிருந்தார். மகன் மூர்த்திக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவன் காம்பவுண்டுச் சுவர் எழுப்பப்போகிறான்.

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. பூ இருக்கிற பக்கம் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, கள்ளிக்கார சாரா! தலையெல்லாம் நரைச்சிப் போச்சே! எடுங்க, எடுங்க. நீங்க குடுத்த செடிதானே."

"நான் குடுத்ததா?"

"பின்ன, என் மாமியாரா குடுத்தா? அவ மோரு கூடக் குடுக்கமாட்டா. எமர்ஜென்சி வருசம் கோணி மூட்டையைத் தூக்கிக்கினு வந்தீங்க. முள்ளு மூட்டைன்னு கண்டக்டரு எறக்கி உட்டுட்டான்னு திட்டிக்கினே தண்ணி கேட்டீங்க. ரெண்டு சொம்பு குடிச்சிட்டு, பாரம் தாங்கலன்னு பாதியை இங்கியே கொட்டினீங்க. ‘வேலியில ஊனி வைம்மா, ஆடு வராது’ன்னு சொன்னது யாரு?"

எனக்கு நினைவில்லை. ஆனால் இடவிவரம் சரிபார்க்க 1975-ஆம் வருடக் குறிப்பேட்டைக் கொண்டுபோயிருந்தேன். சேகரித்ததை எடை போட்டு எழுதுவது என் பழக்கம். அஞ்செட்டி, 11 கிலோ. கிருஷ்ணகிரி சேர்ந்தது, 4 கிலோ. நடுவில் பேருந்து மாறிய ஊர்கள் நேரத்தோடு வரிசையாக இருந்தன. அதே நான்கு ஊர்கள். ஒரே நாளில் ஏழு கிலோ காய்ந்துபோகிற கள்ளி உலகத்தில் கிடையாது. பதினெட்டு வருடமாக அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன்.

கல்லாவி மிச்சமிருந்தது.

"கல்லாவியில உங்களுக்குச் சொந்தம் யாராவது..."

"பெரியவ ராசாத்தியை அங்கதான் குடுத்திருக்குது. அவ மாமனாரு வந்து பார்த்துட்டு, நல்ல வேலின்னு அரைக் கோணி வெட்டிக்கினு போனாரு. ஏன் சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சி? தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்மா. போன தடவை குடிச்சதே போதும்."

அவர் சிரித்துவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தார். நான் படம் எடுக்கவில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் வேலி இருக்காது. இந்த அம்மாள் எந்த ஆய்விதழுக்கும் எழுதப்போவதில்லை. அச்சுப்படி என் பையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். குட்டிச்சுவர்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

"இந்தக் கழிசடையை என்ன பண்றதுன்னே தெரியல சார். எரிச்சா எரியாது, எறிஞ்சா மொளைக்குது" என்றார் ஜோதியம்மாள்.

"ஒரு கோணி குடுங்க. ஆனமட்டும் நான் எடுத்துட்டுப் போறேன்."

"மறுபடியுமா?"

கோணியோடு நிறுத்தத்துக்கு வந்தேன். இராயக்கோட்டைப் பேருந்து நின்றது. நடத்துநர் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"பெரியவரே, முள்ளு மூட்டையை ஓரமா போட்டுட்டு ஏறுங்க."

"போடமாட்டேன்."

"அப்ப அடுத்த வண்டியில வாங்க. ரைட்!"

பேருந்து போன பிறகு, பையில் எப்போதும் இருக்கும் உள்நாட்டுக் கடிதத்தாளை முழங்காலில் வைத்து எழுதினேன். ஐயா, என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். காரணங்கள்: ஒன்று, ஐந்து இடங்களிலும் உள்ளவை அஞ்செட்டிப் புதரின் துண்டுகளே. இரண்டு, அவற்றைப் பரப்பியவன் நான். மூன்று என்று எண் போட்டுவிட்டேன். எழுத ஒன்றும் இல்லாததால் அதை அடித்தேன். டீக்கடைப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து கோணியருகே நின்றேன்.

முக்கால் மணி கழித்து அடுத்த பேருந்து வந்தது. அந்த நடத்துநரும் அதையேதான் சொன்னார்.