இரண்டாம் பஞ்ச்

1

ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்: "போலீஸ்காரர்கள் ஏன் எதையுமே நம்புவதில்லை? இதைக் கதையாக எழுதித் தாருங்களேன்." தாராவியில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்து கதையும் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்? சரி என்றுவிட்டேன். புத்தி கெட்டுப்போய்ச் சொன்னது.

முதல் வரி: 'சப் இன்ஸ்பெக்டர் சேசுராஜ் சிரித்து ஒரு வருடமாகிறது.'

(பொய். அவர் இப்போதுதான் அதிகம் சிரிக்கிறார். அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.)

2

காரணங்களை அடுக்கிப் பார்த்தேன். பதினாறு மணிநேர டியூட்டி. பந்தோபஸ்தில் நின்று வீங்கிய கால். பிடித்த ஆளை ஒரே போனில் விடச் சொல்லும் மேலதிகாரி. எல்லாம் உண்மைதான், எல்லாம் பேப்பரில் வருவதுதான். எழுத எழுத எனக்கு ஒரே குஷி. ஏனென்றால் அந்தப் பட்டியலில் நான் இல்லை.

3

சேசுராஜ் தாராவியிலேயே பிறந்தவர். பூர்வீகம் நாசரேத் பக்கம். ஆறு வருடத்துக்கு முன், எங்கள் சந்தில் இருந்த ஆனியை அவள் புருஷன் குத்திக் கொன்றான். குத்தியதை யாரும் பார்க்கவில்லை. கத்தியை ஒளித்த இடத்தை மட்டும் அவனே காட்டுகிறேன் என்றான். அதை எடுக்கும்போது வெளியாட்கள் இருவர் கூட நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர்களைப் பஞ்ச் என்பார்கள். வழக்கமாக ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பான்கடைக்காரனும் அவன் கூட்டாளியும்தான் எல்லாக் கேஸுக்கும் பஞ்ச். எதையும் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

சேசுராஜ் அதற்கு ஒப்பவில்லை. என் கடைக்கு வந்தார்.

"ஜெயகணேஷ் அண்ணாச்சி, நீங்க வாங்க. கண்ணால பாருங்க. எழுதுனத வாசிச்சுட்டுப் போடுங்க. இந்தக் கேஸ் நிக்கணும்."

போனேன். அரிசி டிரம்முக்குள்ளிருந்து கத்தி வந்தது, சிவந்த அரிசி ஒட்டிக்கொண்டு. வாசித்தேன். இரண்டாம் பஞ்ச் என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். முதல் பஞ்ச், கேஸ் கோர்ட்டுக்கு வருமுன்னே செத்துப்போனார்.

4

(கோர்ட் காட்சி. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். சுருக்கமாகச் சொல்லித் தொலைக்கிறேன்.)

போன வருடம் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, நான் சொன்னது இது: "நான் எதையும் பாக்கல. ஸ்டேஷன்ல வெச்சு ஒண்ணும் எழுதாத கோரா காகிதத்துல கையெழுத்து வாங்குனாங்க."

என் கடைக் கட்டடம் ஆனி புருஷனுடைய அண்ணனுக்குச் சொந்தம். (இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் அச்சத்தை வாசகர் உணரும்படி... சே! பயந்தது கதாபாத்திரம் இல்லை, நான்.)

புருஷன் விடுதலையாகி, இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு கல்யாண் ஊரில் இருக்கிறான். பொய்ச்சாட்சியம் ஜோடித்த அதிகாரி என்று சேசுராஜைத் தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். இலாகா விசாரணை வந்தது. வேலையே போகலாம்.

5

கதைக்காகத்தான், வெட்கமாக இருக்கிறது, கதைக்காகத்தான் போன வாரம் செம்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். தயாரித்து வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டு இதைச் சொன்னேன்:

"தம்பி, விசாரணைக்கு வந்து உள்ளதச் சொல்லிருதேன். என்னைய உள்ள போட்டாலும் போடட்டும்."

அவர் சிரித்தார்.

"எதுக்கு அண்ணாச்சி? நீங்க வந்து சொன்னா, நான் மெரட்டிக் கூட்டியாந்தேன்னு எழுதுவாங்க. அந்தச் சேர்ல நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். ஜானே தோ, விடுங்க. சாயா குடிக்கியளா?"

"ஆனிய நெனச்சாவது..."

"நெனைக்காம என்ன! அதான் இப்ப எனக்கும் பான்கடைக்காரன்தான் பஞ்ச். ஒரு கேஸ்லகூட அவன் பல்டி அடிச்சதில்ல, தெரியுமா?"

சாயாவைக் குடித்தேன். கிளம்பி வந்தேன்.

6

முடிவுகள்.

அ) நான் போகிறேன். அவர் வேலை தப்புகிறது. (பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும்.)

ஆ) நான் போகிறேன். யாரும் நம்பவில்லை. நான் ஜெயிலுக்கு, அவர் வீட்டுக்கு.

இ) நான் போகவில்லை, இந்தக் கதையை மட்டும்...

விசாரணை நாளைக் காலை பதினொரு மணிக்கு. 'போனேன்' என்று இப்போதே எழுதி முடித்துவிடலாம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூண்டில் நின்று நான் சொன்னதும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் முடிவு பண்ணாதீர்கள். பதினொரு மணிக்கு என் கடைப் பக்கம் வாருங்கள். ஷட்டர் திறந்திருந்தால், நான் போகவில்லை.